இரட்டைக் கொம்பு

ஆவணி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலையில், பால் வாங்கக் கதவைத் திறந்தவர்களும் வாசல் தெளிக்க வந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சௌபாக்கியா நகரில் பத்தொன்பது வீட்டு கேட்டுகளில் தொங்கிய 'நாய்கள் ஜாக்கிரதை' பலகைகளில் ள் தலையிலிருந்த புள்ளி கழன்று கீழே விழுந்தது, விழுந்த கையோடு அந்த எழுத்துக்கு முன்னால் இரட்டைக் கொம்பு ஒன்று முளைத்தது, ஆக இட்லி வெந்து இறங்குகிற நேரத்தில் அந்தப் பத்தொன்பது வீடுகளும் தெருவைப் பார்த்து 'நாய்களே ஜாக்கிரதை' என்று சொல்லிக்கொண்டு நின்றன.

தகரத்தில் பெயிண்டால் எழுதிய வீடுகளில் புள்ளி ஒரு மிளகளவுக்கு வாசலில் கிடந்தது, எறும்புகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. பித்தளை எழுத்து வைத்த வீட்டில் அது டிங் என்று சத்தம் போட்டு உருண்டு சாக்கடைக்குள் போனது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் உமாபதி வீட்டுப் பலகை கருங்கல்லில் குழித்து எழுதியது, அங்கே குழியே கழன்று விழுந்து சிமெண்டுத் தரையில் கிடக்க, அவர் மனைவி கோமதி அதைப் பெருக்கித் தள்ளப் பார்த்தபோது துடைப்பக் குச்சி இரண்டு அதற்குள் போய் நின்றுகொண்டன. அந்த அம்மா குச்சிகளை உருவிக்கொண்டு, ஒரு பூந்தொட்டியை நகர்த்தி அதன் மேல் வைத்துவிட்டு, தோசைக்கல் காய்கிறதென்று உள்ளே போய்விட்டார்.

இதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்துச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது, ஏனென்றால் முப்பத்தோரு வருஷம் கரண்ட் ஆபீஸில் ரீடிங் எடுத்தவன் நான். பெயர் குற்றாலிங்கம். அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது, ரீடிங் சார் என்றால் தெரியும். மற்றவர்கள் மனிதர்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்திருப்பார்கள், நான் கேட்டை வைத்து, கேட்டுக்குப் பின்னாலிருந்து வருகிற குரைப்பை வைத்து ஞாபகம் வைத்திருப்பேன். பதினோரு தடவை கடி வாங்கியிருக்கிறேன், ஏழு இடது காலில், மூன்று வலது காலில், ஒன்று சொல்லக்கூடாத இடத்தில். அந்தக் கடைசிக் கடிக்கு ஆஸ்பத்திரி ஊசி வரிசையில் நின்றபோதுதான் எனக்கு முன்னால் லூர்துமேரி நின்றிருந்தாள், கையில் நாலு பல் பதிந்திருக்க, கடித்த நாயையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதற்குப் பசிக்கிறதென்று வரிசையை வேகமாக நகரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லூர்து மீன் விற்றவள். கூடைக்குப் பின்னால் வந்த நாய்களுக்கு மீன் தலை போட்டுப் போட்டு, கடைசியில் நாய்கள் தங்கி மீன் வியாபாரம் போய்விட்டது. மலையடிவாரத்தில் மூடிக்கிடந்த பழைய தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகையில் பதினெட்டு நாய்களோடு இருந்தாள். கால் ஒடிந்தது, கண் போனது, கழுத்தில் கயிறு இறங்கிச் சீழ் வைத்தது, வெளியூருக்கு மாற்றலாகிப் போனவர்கள் பூட்டிய வீட்டு வாசலில் விட்டுப் போனது, எல்லாம் அவளுக்குப் பிள்ளைகள்தான். நான் ரிட்டையர் ஆனதும் என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தாள். நாய் கேட்டு வருகிற வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். பெண்ணைக் கொடுக்கிற இடத்தை விசாரிப்பதுபோலத்தான், கேசரி, பஜ்ஜி எல்லாம் தருவார்கள், சாப்பிட்டுக்கொண்டே நான் கேட்டுக்கு அடியில் எத்தனை விரல் இடைவெளி, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா, எலி மருந்து எந்த மூலையில் வைக்கிறார்கள், மொட்டை மாடிச் சுவர் என்ன உயரம், கல்யாணம் காட்சிக்குப் போனால் சோறு வைக்க யார் என்று பார்த்து எழுதிக்கொண்டு வருவேன். மீட்டரைப் பார்த்த கண் எனக்கு, மனிதர்கள் பேசுவதைக் கேட்டு எழுதுகிறவன் இல்லை.

கொம்பு முளைத்த அன்றைக்கு முதலில் மாட்டினது பெயிண்டர். பாவம், அவன் எட்டுப் பலகைதான் எழுதியிருந்தான், பத்தொன்பதுக்கும் திட்டு வாங்கினான். தின்னரை வைத்துத் துடைத்தார்கள், கொம்பு போய், கை கழுவி வருவதற்குள் திரும்ப முளைத்தது. கொத்தனாரை விட்டு இழைத்தார்கள், முளைத்தது. பலகையையே கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார்கள், கேட் தூணில் எழுத்து வந்து உட்கார்ந்தது. சாக்கைப் போட்டு மூடினார்கள், சாக்கில் வந்தது. ஒரு வீட்டில் அதன் மேல் ஈரத்துணி காயப்போட, அந்த வீட்டுக்காரர் வேட்டியில் ஏறிக்கொண்டு, அவர் அதைக் கவனிக்காமல் கட்டிக்கொண்டு பிரதோஷத்துக்குப் போய்விட்டு வந்தார்.

பிறகு தமிழாசிரியர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பத்தொன்பது பலகையையும் வாய்விட்டுப் படித்தார்.

"நேத்து வரைக்கும் முதல் வேற்றுமை. இன்னைக்கு எட்டாம் வேற்றுமை. விளி வேற்றுமைன்னு சொல்றது. நேத்து இந்தப் பலகை வர்ற போற மனுசங்ககிட்ட பேசுச்சு. இன்னைக்கு நாயைக் கூப்பிட்டுப் பேசுது."

"தப்பு எதுவும் இருக்கா சார்?" என்று உமாபதி கேட்டார்.

"இலக்கணப்படி ஒரு தப்பும் இல்ல."

தப்பு இல்லை என்றதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது, ஆளாளுக்கு அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள். நாயிடம் பலகை எதற்குப் பேசுகிறது, என்ன சொல்லிப் பயமுறுத்துகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும், எல்லோருக்கும்தான் தெரியுமே. ஐந்தாம் தெரு பித்தளைப் பலகை வீட்டில் ஈன்ற ஆறு குட்டியில் பொட்டை நாலையும் சாக்கில் கட்டிக் கறிக்கடை வாசலில் விட்டுவிட்டு, "அங்க பொழச்சுக்கிரும்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். இரண்டாம் தெருவில் குழந்தை பிறந்ததும் எட்டு வருஷம் வளர்த்ததை மலைப்பாதையில் கார் கதவைத் திறந்து இறக்கிவிட, அது காரோடு ஓடி வந்து செக்போஸ்ட்டில் விழுந்தது. அதற்குப் பக்கத்து வீட்டில் சொறி வந்ததென்று பழைய என்ஜின் ஆயிலை ஊற்றினார்கள். இந்த மனிதர்கள் சுத்தமானவர்கள், வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறவர்கள், உள்ளங்கையில் தீர்த்தம் சிந்தினால் தலையில் தடவிக்கொள்கிறவர்கள். எனக்கு அவர்கள் கேசரியில் நெய் வாசனை வந்தாலே இப்போது குமட்டுகிறது.

நான் மட்டும் அந்த நாட்களில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். என் வீட்டில் நாயும் கிடையாது, பலகையும் கிடையாது.

ஒரு வாரத்துக்குள் நகர் அதற்குப் பழகிவிட்டது. 'கொம்பு வீடு' என்று அடையாளம் சொல்லி கூரியர்காரர்களுக்கு வழிகாட்டினார்கள். சண்டை வந்தால் "ஒனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று கேட்கிற வழக்கம் மட்டும் நின்றுபோனது, கேட்டால் ஆமாம் என்று சொல்லவேண்டி வருகிறது. வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் ஈசானிய மூலையில் கோளாறு என்றார். உமாபதி அதையெல்லாம் கேட்டுச் சிரித்து, தனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை இல்லை, ஈரப்பதத்தால் கல் வேலை செய்கிறது என்று வாட்ஸப்பில் எழுதினார்.

மூன்றாம் தெரு ஜெயசீலி டீச்சர் வீட்டில்தான் முதல் கொம்பு விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வண்டியில் அடிபட்டுக் கிடந்த ஒரு செவலைக் குட்டியை டீச்சர் முந்தானையில் சுருட்டிக்கொண்டு வர, அது கேட்டுக்குள் போன நிமிஷம் பலகையிலிருந்து கொம்பு வாடி உதிர்ந்தது, சாக்கடையோரம் கிடந்த புள்ளி எழும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. தெருவே நின்று பார்த்தது. மறுநாள் காலையில் தீப்பெட்டி ஆபீஸ் முன்னால் ரேஷன் கடை மாதிரி வரிசை.

அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. "சின்னதா, முடி கொட்டாததா ஒண்ணு இருக்கா?" "சத்தம் போடாததா பாத்துக் குடுங்க." "எத்தனை நாள் வச்சிருந்தா போதும்?" கொழுகொழுவென்று இருந்தவை முதல் நாளே போயின, பிறகு ஒற்றைக்கண், பிறகு மூன்று கால், ஒன்பதாம் நாள் படுத்த படுக்கையாகக் கிடந்த கிழட்டு நாயைக்கூட ஒருவர் போர்வையோடு தூக்கிக்கொண்டு போய் கேட்டுக்குள் வைத்துவிட்டு அண்ணாந்து பலகையைப் பார்த்தார். நான் ஒவ்வொரு வீடாகப் போய் ஆகாது, ஆகாது என்று எழுதிக்கொண்டு வருவேன், லூர்து அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு நாயைக் கொடுப்பாள். போகிற ஒவ்வொன்றுக்கும் கம்பளித் துண்டை வைத்து ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள், தைத்துத் தைத்து அவள் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

"லூர்து, இவங்க நாய் கேட்டு வரல. புள்ளி கேட்டு வர்றாங்க."

"எதுக்கு வந்தா என்னண்ணே, வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறாங்கள்ல. ஒரு வாரம் மூஞ்சியப் பாத்தா பாசம் ஒட்டிக்கிராதா?"

கடைசியில் பால்கோவா மட்டும் மிச்சம்.

பால்கோவா ராஜபாளையம் ஜாதி, மூன்று வயது, உடம்பெல்லாம் பால் வெள்ளை, மூக்கும் வயிறும் ரோஸ். பிறவிச் செவிடு. அந்த ஜாதியில் அப்படிப் பிறப்பது உண்டு. மூன்று தடவை கொடுத்து மூன்று தடவை திரும்பி வந்தவள், முதல் வீட்டில் கூப்பிட்டால் திரும்பவில்லை என்று, இரண்டாவது வீட்டில் பருவத்துக்கு வந்து தெரு நாயெல்லாம் வாசலில் கூடியதென்று, மூன்றாவது வீட்டில் கறுப்பு சோபாவில் வெள்ளை முடி ஒட்டுகிறதென்று. அவளைக் கூப்பிட ஒரு வழி நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். காலால் தரையை இரண்டு தடவை தட்டவேண்டும். அந்த அதிர்வு பாதத்தில் ஏறினதும் அவள் உலகத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து பார்ப்பாள். அதனாலோ என்னவோ, அவள் மனிதர்களை முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பாள்.

அவளைக் கேட்டு உமாபதி வந்தார். வெள்ளிக்கிழமை அவர் பெண்ணைப் பார்க்க மதுரையிலிருந்து வருகிறார்கள், மாப்பிள்ளை வீட்டில் இரண்டு நாய், உட்கார வைத்துச் சோறு ஊட்டுகிறவர்களாம், இங்கே கேட்டில் கொம்பு. ஈரப்பதம் என்று அவர்களிடம் சொல்லமுடியுமா?

"அந்த வீட்டுக்கு மட்டும் ஆகாது" என்றேன் லூர்திடம்.

ஏன் என்று அவளுக்கும் தெரியும். உமாபதி வீட்டில் முன்பு மேஜர் என்று ஒரு நாய் இருந்தது. மொட்டை மாடிச் சுவரில் ஒரு கொக்கி அடித்து, வெயிலோ மழையோ அங்கேயேதான் கட்டிக்கிடக்கும். ஒரு தீபாவளிக்குக் கீழே சரம் வெடித்ததில் மிரண்டு, கட்டிய சங்கிலியோடு சுவரைத் தாண்டிக் குதித்துவிட்டது. சுவருக்கு வெளியே கீழே சன்ஷேட் இருந்தது. கால் சன்ஷேடுக்கு எட்டவில்லை. வெடிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, பலகாரத் தட்டு கொடுக்கப்போன எதிர் வீட்டுக்காரர்கள்தான் அண்ணாந்து பார்த்தார்கள்.

இதில் லூர்துக்குத் தெரியாதது ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டு மீட்டர் பெட்டி மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நான் ஏறும்போதெல்லாம் மேஜர் பாய்ந்து வரும், என் கால்சட்டைக்கு ஒரு சாண் முன்னால் சங்கிலி அதை இழுத்து நிறுத்தும். எட்டாத கடிக்கும் பயம் பயம்தானே. அட்டையில் ரீடிங்குக்குப் பக்கத்தில் ஊதாப் பேனாவால் எழுதினேன்: 'நாயைக் குறுக்கிக் கட்டவும்.' ஒரு சாண் குறையுங்கள் என்று வாயாலும் சொன்னேன். அடுத்த தடவை போனபோது சங்கிலியில் ஒரு சாண் குறைந்திருந்தது, எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தத் தீபாவளி கழிந்து ரீடிங் எடுக்கப் போனபோது கொக்கி காலியாக இருந்தது, சுவரின் வெளிப்புறம் நகம் கீறிய கோடுகள் இருந்தன, நான் எண்ணைப் பார்த்து எழுதிவிட்டு இறங்கினேன். இறங்கும்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று தோன்றியது. சீ!

"வீட்டுக்கு வீடு குத்தம் பாத்தா எம் பிள்ளைகள எங்கண்ணே கொண்டு போயி வைக்க?" என்றாள் லூர்து. "நாலாவது தடவையாச்சும் இவளுக்கு ஒரு வீடு வாய்க்கட்டும். நீங்க போயி அந்தக் கொக்கியப் பிடுங்கச் சொல்லுங்க."

போனேன். உமாபதி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க ரீடிங் சார், நம்ம வீடு ஒங்களுக்குப் புதுசா?"

"புதுசு இல்ல சார். அதான் யோசிக்கிறேன்."

அவர் கோபப்படவில்லை. ஆளை வரவழைத்து என் கண் முன்னாலேயே கொக்கியைப் பிடுங்கினார், ஓட்டையில் சிமெண்ட் பூசினார், மாடிச் சுவரை உயர்த்துகிறேன் என்றார், லூர்துவின் பதினான்கு கேள்வித் தாளில் 'சங்கிலி' என்ற இடத்தில் 'ஒருபோதும் இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரு குறையும் சொல்ல முடியாமல் கேசரியைத் தின்றுவிட்டு வந்தேன்.

பால்கோவாவை நான்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அவள் முன்னங்கால் கேட் தண்டவாளத்தைத் தாண்டினதும் கருங்கல்லில் இருந்த கொம்பு பொடிப்பொடியாகக் கொட்டியது, பூந்தொட்டி ஒரு பக்கம் சாய்ந்து அடியிலிருந்து அந்தக் குழி எழும்பிப் போய் ளகரத்தின் தலையில் பதிந்தது. கோமதி தொட்டியை நிமிர்த்தி வைத்தார். நான் கிளம்பும்போது பால்கோவா என் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நான் காலைத் தட்டிவிடக்கூடாதென்று மெதுவாக வைத்து வைத்து நடந்தேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா பால்கோவாவின் தலையை மடியில் போட்டுக்கொண்டு, "நாய் வளக்குற வீட்டுலதான் பொண்ணு எடுக்கணும்னு இருந்தோம்" என்று சொல்லி, தட்டு மாற்றினார்களாம்.

வரிசை தொடங்கிய பன்னிரண்டாம் நாள் கொம்புகள் திரும்ப முளைக்க ஆரம்பித்தன. முதலில் பித்தளை வீட்டில், பிறகு இரண்டாம் தெருவில், பிறகு வரிசையாக. போன தடவையைவிடத் தடிமனாக, நுனி கூர்மையாக. ஜெயசீலி டீச்சர் வீட்டில் மட்டும் முளைக்கவில்லை, அந்தச் செவலை அங்கே கட்டிலுக்கு அடியில் சாக்ஸைக் கடித்துக்கொண்டிருந்தது. மற்ற வீடுகளில் மாடிப்படிக்கு அடியில், மோட்டார் ரூமுக்குள், பாத்ரூம் சந்தில், தண்ணீர்ச் சட்டி காய்ந்துபோய்க் கிடந்தவற்றை லூர்து கேட்டைத் தட்டித் தட்டி மீட்டுக்கொண்டு வந்தாள், கொடுத்தவர்கள் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். அந்தக் கிழட்டு நாய் கறிக்கடை வாசலில் கிடந்தது. லூர்து தைத்துக் கொடுத்த மெத்தையிலேயே சுருட்டிக் கட்டிக் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். முடிச்சை அவிழ்த்தபோது உயிர் இல்லை. அவள் அழவில்லை, கறிக்கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் கையைக் கழுவினாள், திரும்பத் திரும்பக் கழுவினாள்.

சங்கம் கூடியது. நானும் உறுப்பினர், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உமாபதி மைக்கைப் பிடித்து, "இதனால நம்ம நகர்ல பிரிவினை வந்திருக்கு" என்று ஆரம்பித்தார். "இது கொம்பு வீடு, இது கொம்பில்லாத வீடுன்னு பேசிக்கிறாங்க. யார் மனசும் புண்படக்கூடாது. அதனால எல்லா வீட்லயும் ஒரே மாதிரி பலகை. நாய் இருந்தாலும் இல்லாட்டியும், 'நாய்களே ஜாக்கிரதை.' ஒரே நகர், ஒரே பலகை."

கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் அதைப் பச்சையில் எழுதலாம், பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும் என்றார், இன்னொருவர் ஓரத்தில் ஒரு தாமரை போடலாம் என்றார், பூங்காவுக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் சேர்த்தே செய்துவிடலாம் என்று முடிவானது. ஒரு பாவத்தை யார் செய்தார்கள் என்று தெரியாமலிருக்க எல்லோரும் அதைப் பூசிக்கொள்வதற்கு ஒற்றுமை என்று பெயர் வைத்து, டீ குடித்து, பிஸ்கட்டைத் தொட்டுத் தின்றார்கள். தீர்மான நோட்டு சுற்றி வந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். நம் வீட்டில்தான் நாயே இல்லையே, நமக்கென்ன, என்று போட்டேன்.

மூன்று நாளில் எல்லா கேட்டிலும் பச்சைப் பலகை ஏறிவிட்டது. உள்ளே உண்மையான கொம்பு இருக்கிறதா இல்லையா என்று இனி யாருக்கும் தெரியாது. "இனிமே எத நம்பிண்ணே பிள்ளைகளக் குடுக்க?" என்று லூர்து கேட்டாள். "பால்கோவா மட்டும் வரல. அவ எப்பிடி இருக்கான்னு பாத்துட்டு வாங்க."

மத்தியானம் போனேன். உமாபதி கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கப் போயிருந்தார். கோமதி கதவைத் திறந்ததும் பழக்க தோஷத்தில் என் வாயில் "ரீடிங்" என்று வந்துவிட்டது, அந்த அம்மாவும் பழக்க தோஷத்தில் வழி விட்டார்.

படியேறினேன். மாடிச் சுவர் பழைய உயரத்திலேயே இருந்தது. சிமெண்ட் பூசிய இடத்துக்கு நாலு விரல் தள்ளிப் புதுக் கொக்கி. பால்கோவா வெயிலில் தரை சுடுகிறதென்று ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றாள், ரோஸ் மூக்கு தோலுரிந்து சிவந்திருந்தது. படிக்கட்டு நிழலுக்கு எட்ட முடியாதபடி அவ்வளவு குட்டையாகச் சங்கிலி.

"ஏம்மா இவ்வளவு குறுக்கிக் கட்டிருக்கீங்க?" என்றேன்.

கோமதிக்கு நான் கேட்டது விளங்கவே இல்லை. "நீங்கதான சார் சொன்னீங்க? மேஜர் இருந்தப்ப, ஒரு சாண் குறைங்கன்னு அட்டைல எழுதிக்கூட வச்சீங்களே. அதே சங்கிலிதான் சார் இது. நீங்க சொன்ன அளவு மாத்தவே இல்ல."

மேஜரின் கால் சன்ஷேடுக்கு எவ்வளவு எட்டவில்லை என்று நான் அன்றைக்குக் கீழே இறங்கி வந்து அண்ணாந்து பார்த்திருக்கிறேன். கீறல் எங்கே முடிகிறது, சன்ஷேட் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்திருக்கிறேன். அளவு பார்த்தே பழகிய கண். ஒரு சாண்தான்.

கொக்கியிலிருந்து சங்கிலியைக் கழற்றினேன். தரை சுடுகிறதே என்றுகூடப் பார்க்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் இரண்டு தடவை தட்டினேன். பால்கோவா என் காலைப் பார்த்தாள், பிறகு, அதுவரை செய்யாத காரியமாக, என் முகத்தைப் பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போங்க சார்" என்றார் கோமதி கீழே வரும்போது. "அவுத்துக்கிட்டு ஓடிருச்சுன்னு அவர்ட்ட சொல்லிக்கிறேன். முகூர்த்தந்தான் குறிச்சாச்சே. காபி சாப்பிடுறீங்களா?"

காபி வேண்டாம் என்றேன். பால்கோவாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நாலு தெரு நடந்தேன். வழிநெடுக இரண்டு பக்கமும் பச்சைப் பலகைகள், தாமரை போட்டது, ஒவ்வொன்றும் அவளைப் பார்த்து ஜாக்கிரதை ஜாக்கிரதை என்றன.

என் வீட்டு கேட்டிலும் அதே பலகை. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது, நாய் வளர்க்காத என் வீட்டில் இது எதற்கு என்று அவளை இறக்கிவிட்டு இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினேன். மற்ற கேட்டுகளில் இரண்டு கட்டுக்கம்பிதான், என் கேட்டில் மாட்ட வந்தவன் ஆறு போட்டு இறுக்கியிருந்தான். ஏன் என்று பலகை கையோடு வந்தபோது தெரிந்தது.

வெறும் தகரக் கதவில், பெயிண்டாலும் இல்லை, கல்லிலும் இல்லை, ஊதாப் பேனாவால், வலது பக்கம் சாய்கிற கையெழுத்தில், முப்பத்தோரு வருஷம் ஊர் முழுக்க அட்டைகளில் நான் எழுதிய அதே கையெழுத்தில், 'நாய்களே ஜாக்கிரதை' என்று இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையே வந்திருக்கும். அடுத்தவர் கேட்டையெல்லாம் வெளியே நின்று பார்த்தவன், என் கேட்டைத் திறக்கும்போதும் மூடும்போதும் தாழ்ப்பாளை மட்டுமே பார்த்திருக்கிறேன். தெருவில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். எனக்குக் கேசரித் தட்டை நீட்டினவர்கள் எல்லோரும் படித்துவிட்டுத்தான் சிரித்திருப்பார்கள். கம்பி கட்டினவனும் படித்துவிட்டு, வாயைத் திறக்காமல், நன்றாக மூடட்டும் என்று ஆறு கட்டுப் போட்டிருக்கிறான்.

பால்கோவாவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் என் காலைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்குள் போனாள். நான் வெளியே நின்று பலகையில்லாத கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொம்பு விழவில்லை. அவள் தொட்டித் தண்ணீரைக் குடித்து, நிழலில் படுத்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகும் விழவில்லை.

பிறகு லூர்துவின் கேள்வித் தாளை எடுத்து என் வீட்டை நானே பார்வையிட்டேன். கேட்டுக்கு அடியில் ஐந்து விரல் இடைவெளி. தண்ணீர்த் தொட்டிக்குப் பாதி மூடி. அடுப்படி மூலையில் எலிப் பசை. மாடிச் சுவர் முழங்கால் உயரம். ஊருக்குப் போனால் சோறு வைக்க ஆள் இல்லை. பதினான்கில் ஒன்பது ஆகாது. அடியில் 'வீடு தேறாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் லூர்து வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று அந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். அது யார் கையெழுத்து என்று அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை, அவள் வீட்டு அட்டையிலும் நான்தான் எழுதியிருக்கிறேன். மேஜரைப் பற்றி, அந்த ஒரு சாணைப் பற்றி, அப்பாடாவைப் பற்றி எல்லாம் சொன்னேன். தேறாத தாளையும் கொடுத்தேன். அவள் அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள், முகத்தில் என்னைப் பார்த்த அருவருப்பு இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. பால்கோவா மெதுவாக நடந்து வந்து அவள் பாதத்தை முகர்ந்தாள்.

"சங்கத்துப் பலகையத் திரும்ப மாட்டப் போறீங்களா?"

"இல்ல. இது இப்பிடியே தெரியட்டும்."

"வேற எடம் கெடையாது எனக்கு. இருந்தா இப்பவே தூக்கிட்டுப் போயிருவேன்" என்றாள். "எத்தன நாளைக்கு ஒருக்கா வந்து பாக்க?"

"தினமும் வா லூர்து" என்றேன். "நான் இருந்தாலும் இல்லாட்டியும் கதவத் தட்டாம உள்ள வா. நேரா மாடிக்குப் போயி, கொக்கி ஏதும் இருக்கான்னு பாரு."